பழைய விமான மாடல் கிட் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையிலிருந்து வாங்கி வந்து, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, கட்டாமலே அலமாரியில் போட்டுவைத்த விமான கிட்டுகள், அதாவது பாகங்களை ஒட்டிச் சின்ன மாதிரி விமானமாகக் கட்டும் பெட்டிகள், எத்தனையோ. நாற்பது ஐம்பது வருடம் கழித்து அவற்றைத் தேடி அலைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. ரிமோட் வைத்துப் பறக்கவிடும் விமானங்களும் உலோகத்தில் வார்த்த பொம்மை விமானங்களும் வேறு உலகம். அவற்றை இங்கே தொடவில்லை.

எவ்வளவு பழையதாக இருந்தால் 'விண்டேஜ்' என்று சொல்லலாம்?

எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. ஆனாலும் பலர் 1980ஐ ஒட்டி ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். பிரிட்டனின் ஃப்ராக், அமெரிக்காவின் அரோரா என்ற இரண்டு பெரிய கிட் நிறுவனங்களும் 1970களின் பிற்பாதியில் அடுத்தடுத்து மறைந்தன. 1981இல் பிரிட்டனின் இன்னொரு நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் திவாலாகிக் கை மாறியது. பழைய காலம் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் கிட் எப்போது வந்தது? அதற்கு முன்னால் என்ன இருந்தது?

மரம்தான். பால்சா மரக் குச்சிகளால் சட்டம் கட்டி, மேலே மெல்லிய தாள் போர்த்துவார்கள். அமெரிக்காவின் கில்லோஸ் நிறுவனம் 1926இல் தொடங்கி இன்னும் அந்த வகையை விற்றுக்கொண்டிருக்கிறது.

பிளாஸ்டிக்கில் முதலில் வந்தது ஃப்ராக்கின் 'பெங்குவின்' வரிசை. 1936 கடைசியில், 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்கு. அது இன்று கிட்டுகளில் நாம் பார்க்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் இல்லை; செல்லுலோஸ் அசிடேட் என்ற வேறு வகை. அதனால் வரும் தலைவலியைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப்போரின்போது எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று வீரர்களுக்குக் கற்றுக்கொடுக்க மாதிரிகள் தேவைப்பட்டன. 1942இல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளே மரத்தைச் செதுக்கி அவற்றைச் செய்து கொடுத்தார்கள். அதுவும் 1/72. ஓர் அங்குலத்துக்கு ஆறடி என்பதால் கணக்கு போடவும் சுலபம்.

போர் முடிந்ததும் பாலிஸ்டைரீன் வந்தது. 1950களில் ரெவெல், மோனோகிராம், அரோரா, ஹாக், லிண்ட்பெர்க் என்று அமெரிக்க நிறுவனங்கள் வரிசையாகக் கிளம்பின. 1953இல் ஏர்ஃபிக்ஸ் தன் முதல் விமானமாக ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை இரண்டு ஷில்லிங்குக்கு வூல்வொர்த் கடைகளில் விற்றது. பெட்டி கிடையாது, பிளாஸ்டிக் பை, அதன் வாயில் ஸ்டேப்பிள் அடித்த ஓர் அச்சிட்ட அட்டை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்பிட்ஃபயரே அரோராவின் ஸ்பிட்ஃபயரைப் பார்த்து அளவு குறைத்துச் செய்ததுதான். ஜப்பானிலும் 1958இல் மருசான் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் கிட், ரெவெலின் நாட்டிலஸ் நீர்மூழ்கியைப் பார்த்துச் செய்தது. யாரும் யாரையும் குறை சொல்கிற நிலையில் இல்லாத காலம்.

பழையது என்றாலே அரியதுதானே?

இல்லை. பணத்தை விடுகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் விடுகிறார்கள்.

1986இல் டெஸ்டர் நிறுவனம் எஃப்-19 என்று ஒரு ரகசிய விமானத்தின் கிட்டை வெளியிட்டது. யாரும் பார்த்திராத விமானத்தைப் பொம்மைக் கம்பெனி எப்படிச் செய்தது என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. 1988இல் உண்மையான ரகசிய விமானமான எஃப்-117 வெளியே வந்தபோது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கதை பிரமாதம். ஆனால் அந்தக் கிட் மலைமலையாக விற்றது, இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. அதை 'அபூர்வம்' என்று சொல்லி விற்பவரைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

அடிப்படையில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பிளாஸ்டிக் பாகங்கள் எஃகு அச்சில் வார்க்கப்படுகின்றன. கம்பெனி செத்தாலும் அச்சு சாவதில்லை. யாரோ ஒருவர் வாங்கிக்கொள்கிறார். ஃப்ராக் மூடியபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய் 'நோவோ' என்ற பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்தது. ஜெர்மானிய, ஜப்பானிய, இத்தாலிய விமானங்களின் அச்சுகள் மட்டும் அங்கே போகாமல் ரெவெலிடம் போய்ச் சேர்ந்தன. அரோராவின் அச்சுகள் மோனோகிராமிடம் போயின. ஹாபிகோ என்ற அமெரிக்க நிறுவனம் 2018இல் திவாலானபோது அதன் கையில் இருந்த பழைய அச்சுகளில் ஒரு பெரிய தொகுதியை அட்லாண்டிஸ் வாங்கி, 1950களின் கிட்டுகளை இன்று புதிதாக அடித்து விற்கிறது.

ஆக, பிளாஸ்டிக் என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பி வரலாம். திரும்பி வராதது காகிதம். முதல் பதிப்பின் பெட்டி, அதன் மேல் இருக்கும் ஓவியம், வழிமுறைத் தாள், தண்ணீரில் ஊறவைத்து விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்களான டெகால். கிட் சேகரிப்பு என்று நாம் சொன்னாலும் காசு கொடுப்பது முக்கால்வாசி காகிதத்துக்குத்தான். இதை ஒத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி.

நான் வாங்கிய கிட் மறுவெளியீடாக வந்துவிட்டது. விலை விழுந்துவிடுமா?

ஓரளவு விழும். கட்டுவதற்காகவே தேடிக்கொண்டிருந்தவர்கள் புதியதை வாங்கிக்கொண்டு விலகிவிடுவார்கள். பெட்டிக்காகத் தேடியவர்கள் விலகமாட்டார்கள். அதனால் உங்கள் பிரதியின் பெட்டி நன்றாக இருந்தால் பெரிய அடி இல்லை. பெட்டி கிழிந்து, டெகால் இல்லாமல், வெறும் பாகங்கள் மட்டும் இருந்தால் அடி பலமாகத்தான் இருக்கும்.

நேர்மாறாகவும் நடக்கும். நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் 2009இலிருந்து, முதல் உலகப்போர் விமானங்களை 1/32 அளவில் அற்புதமாகச் செய்துவந்து, 2020இல் சட்டென்று நின்றுபோனது. விலை உடனே எகிறியது. விண்டேஜ் இல்லாத ஒரு கிட் ஒரே நாளில் சேகரிப்புப் பொருளானதற்கு அது நல்ல உதாரணம். அதன் ஃபொக்கர் மூவிறக்கை விமானம் பிறகு மெங் என்ற நிறுவனத்தின் பெயரிலும், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் பார்டர் என்ற நிறுவனத்தின் பெயரிலும் வந்தன. அச்சு சாவதில்லை என்று சொன்னேன் அல்லவா.

பெட்டியில் 1956 என்று போட்டிருக்கிறது. 1956இல் தயாரானதா?

அவசியம் இல்லை. அந்த ஆண்டு பெரும்பாலும் பதிப்புரிமை ஆண்டு. வழிமுறைத் தாளை அப்படியே திரும்பத் திரும்ப அச்சடித்திருப்பார்கள். பாகங்களுக்குள் பொறித்த ஆண்டு அச்சு வெட்டிய ஆண்டு. பத்து வருடம் கழித்து அடித்த பிரதியிலும் அதே எண்தான் இருக்கும்.

பதிப்பைக் கண்டுபிடிக்க நிறுவனத்தின் லோகோ, கிட் எண், முகவரி, பெட்டியின் அமைப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் லோகோவை அடிக்கடி மாற்றியிருக்கின்றன. அதுவே காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓவியமும் உதவும். ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளுக்கு ராய் கிராஸ் வரைந்தது 1964 முதல் 1974 வரை. அவர் ஓவியம் இருந்தால் 1964க்கு முந்தைய பெட்டியாக இருக்க முடியாது. ஆனால் அவர் ஓவியங்களைப் பிற்காலத்திலும் மறுபடி பயன்படுத்தினார்கள், அதனால் மேல் எல்லையை ஓவியத்தை வைத்து மட்டும் முடிவுசெய்யக் கூடாது. ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் ஒரு கிட்டின் முதல் வெளியீட்டிலிருந்து இன்றுவரையிலான பதிப்புகள் கோடு போட்டுக் காட்டியிருக்கும். வாங்குவதற்கு முன் அங்கே ஒரு நிமிடம் செலவழித்தால் போதும்.

பெட்டிக்குள் என்னென்ன பார்க்க வேண்டும்?

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், மூடியை இழுக்காதீர்கள். பழைய அட்டை மூலைகளில்தான் முதலில் கிழியும். ஒரு கையால் மூடியின் நடுவைப் பிடித்து, மறு கையால் அடிப்பெட்டியை மெதுவாகக் கீழே இறங்கவிடுங்கள். உள்ளே முதலில் மூக்கை நீட்டுங்கள். பூஞ்சை வாடை, புளிப்பு வாடை இரண்டுமே கெட்ட செய்தி.

அடுத்து வழிமுறைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பாகங்களை எண்ணுங்கள். பழைய கிட்டுகளில் பாகங்கள், அவற்றைத் தாங்கி வரும் ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உதிர்ந்து அடியில் கிடப்பது சகஜம். அது குறை இல்லை. காணாமல் போவதுதான் குறை. எப்போதும் தொலைவது பெரிய இறக்கை இல்லை. விமானி அறையின் கண்ணாடி, துப்பாக்கிக் குழல், சக்கரம், காட்சிக்கு நிறுத்தும் ஸ்டாண்டின் கை. இவற்றை முதலில் தேடுங்கள். இருக்கும் ஸ்டாண்ட் வேறொரு கிட்டுடையதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்துத் தாள்களில் பலவற்றில் பாகத்துக்கு எண் இருக்காது, 'இடது வால்பகுதி' என்று பெயர்தான் இருக்கும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கண்ணாடிப் பாகத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் பாருங்கள். கீறல் இருந்தால் மெருகேற்றலாம். உள்ளே மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியில், விலை ஒட்டிய பழைய ஸ்டிக்கர் பெட்டி மேல் இருந்தால் உரிக்காதீர்கள். பெட்டியில் அச்சடித்த படத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். தவிர, எந்தக் கடையில் என்ன விலைக்கு விற்றது என்று அது சொல்கிறது. நான் அதை அழுக்காகப் பார்ப்பதில்லை.

சீல் பிரிக்காததையே வாங்குவது பாதுகாப்புதானே?

அப்படித்தான் தோன்றும். ஆனால் சூட்டில் சுருங்கிப் பெட்டியை இறுக்கிப் பிடிக்கும் சுருக்குப் பிளாஸ்டிக்கைச் சுற்றும் இயந்திரம் யாரிடமும் இருக்கலாம். பாதி பாகங்கள் இல்லாத பெட்டியை மறுபடி சுற்றி 'சீல் உடையாதது' என்று விற்பது நடக்கத்தான் செய்கிறது. அந்த நிறுவனம், அந்த ஆண்டில், சுருக்குப் பிளாஸ்டிக் சுற்றிக் கொடுத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். பெட்டி ஓரங்கள் தேய்ந்திருக்க, மேலே பிளாஸ்டிக் மட்டும் பளபளவென்றிருந்தால் சந்தேகப்படுங்கள்.

உண்மையான சீலிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பிளாஸ்டிக் வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே வந்து பெட்டியை வளைத்துவிடும். உள்ளே டெகால் என்ன ஆனது என்றும் தெரியாது. சீல் உள்ளதற்கு அதிக விலை கொடுப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், திறந்து எண்ணிப் பார்த்த முழுக் கிட்டே மேல்.

போலிப் பெட்டி, போலி டெகால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பூதக்கண்ணாடி ஒன்று போதும். அச்சகத்தில் ஆஃப்செட் முறையில் அச்சடித்த வண்ணப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்காக, குட்டிக் குட்டிப் பூ வட்டங்களாக அமைந்திருக்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த நகலில் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். பழைய பெட்டியை ஸ்கேன் செய்து அச்சடித்திருந்தால் அசலின் மடிப்பும் கீறலும் கூடப் படமாக வந்திருக்கும். விரலால் தடவினால் அங்கே மடிப்பு இருக்காது. இதைவிட எளிதாகப் பிடிபடும் தடயம் வேறில்லை.

நகல் என்று சொல்லி விற்றால் அதில் தவறு ஒன்றும் இல்லை. தொலைந்த வழிமுறைத் தாளுக்கு நகல் வைத்துக்கொள்வது எல்லோரும் செய்வதுதான்.

ஜெர்மானிய விமானத்தின் டெகாலில் வால் சின்னம் மட்டும் இல்லை. யாராவது வெட்டி எடுத்துவிட்டார்களா?

வெட்டிய தடம் இல்லையென்றால் கவலை வேண்டாம். நாஜி ஸ்வஸ்திகாவைக் காட்டுவதற்கு ஜெர்மனியில் சட்டத்தடை உண்டு. அங்கே விற்பதற்கென்று வந்த பதிப்புகளில் அதை அச்சடிக்கவே இல்லை.

டெகால் பழுத்து மஞ்சளாகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பல சமயம் முடியும். மஞ்சளாவது சின்னத்தின் மை இல்லை, அதைத் தாங்கும் மெல்லிய படலம். வெயில் அதை வெளுக்கும். டெகால் தாளை ஜிப் வைத்த தெளிவான பையில் போட்டு, சின்னம் வெளியே பார்க்க, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும். இரவில் ஜன்னலில் ஈரம் படியும் இடமாக இருந்தால் மாலையில் கழற்றி எடுத்துவிடுங்கள். ஈரம் பட்டால் டெகால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது, நல்ல துல்லியத்தில் ஒரு ஸ்கேன். டெகால் போனாலும் ஸ்கேனை வைத்து மறுபடி அச்சடிக்கலாம்.

ஒட்டிப் பார்க்கும்போது பழைய டெகால் தண்ணீரிலேயே சுக்குநூறாக உடைவது இன்னொரு பிரச்சினை. தேவையில்லாத ஒரு சின்னத்தை முதலில் ஊறவைத்துச் சோதியுங்கள். உடைந்தால், மீதியின் மேல் டெகாலுக்கென்றே விற்கும் திரவப் படலத்தையோ பளபளப்பு வார்னிஷையோ ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள்.

ரப்பர் சக்கரம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. இது எப்படி?

அது ரப்பர் இல்லை, மெத்தென்ற வினைல். அதை மெத்தென்று வைத்திருக்கும் இளக்கி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. சக்கரம் இறக்கை மேல் கிடந்திருந்தால் இறக்கையில் சக்கரத்தின் தடம் அப்படியே பதிந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே வினைல் பாகங்களைத் தனிப் பாலித்தீன் பையில் போட்டுவிடுங்கள். கூடவே வந்த பழைய பசைக் குழாய் இருந்தால் அதையும் வெளியே எடுங்கள். காய்ந்ததுபோல் தெரியும், ஆனால் கசியும்.

செல்லுலோஸ் அசிடேட் கிட் வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்கலாம். அது வளையும், சுருங்கும். இறக்கையின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். சூடு காட்டி நிமிர்த்தினாலும் திரும்ப வளையும். மோசமான நிலையில் வினிகர் வாடை அடிக்கும். பொருள் சிதைந்து அமிலம் வெளியாகிறது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்பதால் மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றாட வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பது தவறு. இவற்றை எப்படியும் யாரும் கட்டப்போவதில்லை, வரலாற்றுக்காக வைத்துக்கொள்வதுதான்.

வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

வெயில், ஈரம், சூடு, பூச்சி. மொட்டைமாடி அறையும் பரணும் வேண்டாம். சூட்டில் மெல்லிய பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். தரையோடு அடுக்குவதும் வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பெட்டி அடுக்கினால் கீழே இருப்பது நசுங்கும், அது கட்டாயம் உங்களிடம் இருப்பதிலேயே நல்ல பெட்டியாகத்தான் இருக்கும்.

பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடாதீர்கள். பலரும் நல்லெண்ணத்தில் செய்வது இது. அந்த ஆவி பாலிஸ்டைரீனை இளகவைத்து ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும், அவ்வப்போது மாற்றுங்கள். ராமபாணப் பூச்சி காகிதத்தை அரிக்கும், பிளாஸ்டிக்கைத் தொடாது. அதனால் டெகாலையும் வழிமுறைத் தாளையும் அமிலம் கலக்காத தாளில் வைத்துத் தனி உறையில் போட்டு, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம். டெகால் மேல் மெல்லிய தாள் வந்திருந்தால் அதை எறிய வேண்டாம்.

பையில் வந்த கிட்டுகளில் ஸ்டேப்பிள் துருப்பிடித்து அட்டையைக் கறையாக்கும். கழற்றுவதா விடுவதா என்பதில் சண்டையே உண்டு. கழற்றினால் 'திறக்காதது' என்ற தகுதி போய்விடும். துரு பரவ ஆரம்பித்திருந்தால் நான் கழற்றச் சொல்வேன்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்கிறதே, ஏன்?

1950களில் பெட்டிதான் முதலில். கடை அலமாரிக்கும் விலைக்கும் ஏற்றபடி ஒரே அளவுப் பெட்டிகள் செய்துகொண்டு, குண்டுவீச்சு விமானமானாலும் போர் விமானமானாலும் அதற்குள் அடங்குகிற மாதிரி சுருக்கினார்கள். பிறகுதான் 1/72, 1/48, 1/32 என்று நிலைத்தது.

விலை எப்படி முடிவு செய்வது?

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டும் வசதி இருக்கிறது. வருடக்கணக்கில் விற்காமல் கிடக்கிற ஒரு விலைச்சீட்டு சந்தை விலை ஆகாது.

சிறுவயதில் கடை ஜன்னலில் பார்த்து வாங்க முடியாமல் போனதைப் பெரியவரானதும் வாங்குகிறவர்கள்தான் இந்தச் சந்தையைத் தூக்கி நிறுத்தியவர்கள். அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. முழுச் சேகரிப்புகள் மொத்தமாக விற்பனைக்கு வருகின்றன. நேற்றுவரை கிடைக்காத ஒன்று, ஒரே மாதத்தில் நாலு இடத்தில் கிடைக்கலாம். லாபத்துக்காக வாங்குகிறேன் என்பவர்களுக்கு என் யோசனை: வேண்டாம்.

இதைக் கட்டலாமா, பாவமா?

உங்கள் பொருள், உங்கள் இஷ்டம். கட்டுவதற்காகத்தானே செய்தார்கள். நான் பார்க்கிற கணக்கு எளிது. மறுவெளியீடு கிடைத்தால் அதைக் கட்டுங்கள், பழைய பெட்டியை அப்படியே விடுங்கள். பெட்டி ஏற்கெனவே சிதைந்து, பாகங்கள் முழுதாக இருந்தால் தயங்காமல் கட்டலாம். ஒரு குறிப்பு: 1950களின் கிட்டுகளில் டெகால் எங்கே ஒட்ட வேண்டும் என்று இறக்கை மேலேயே கோடு எழும்பியிருக்கும், ஆணித்தலைகள் கொழுக்கட்டை மாதிரி புடைத்திருக்கும். அவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டால் இன்றைய கிட் மாதிரி ஆகிவிடும். அதற்கு இன்றைய கிட்டையே வாங்கியிருக்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம், அல்லது ஒரே விமானத்தின் எல்லாக் கிட்டுகளும், அல்லது ஓர் ஓவியரின் பெட்டிகள். எனக்குப் பிடித்தது ஒரே அச்சின் பயணத்தைத் தொடர்வது. ஃப்ராக் பெட்டி, அதே பாகங்களோடு நோவோ பெட்டி, அப்புறம் சோவியத் யூனியனில் உள்ளூரில் விற்ற மெல்லிய பை. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக்கின் விளிம்புகள் எப்படி மழுங்கிக்கொண்டே வந்திருக்கின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடைசி இரண்டும் இன்னும் அதிக விலை போவதில்லை.

யாரோ கட்டி முடித்த பழைய மாடல் கிடைத்தது. மதிப்பு உண்டா?

பணமாகப் பார்த்தால் மிகக் குறைவு. ஆனால் எறியாதீர்கள். உடைந்த மாடலிலிருந்து ஒரு சக்கரமோ கண்ணாடியோ கழற்றி, வேறொரு முழுமையற்ற கிட்டை முழுமையாக்கலாம். பழைய பசையில் ஒட்டியவை ஃப்ரீசரில் சில மணிநேரம் வைத்தால் சில சமயம் தானே விட்டுக்கொடுக்கும். வரவில்லையென்றால் நெம்பாதீர்கள், பாகம் உடையும். அப்படிச் சேர்த்த பாகம் இருக்கிற கிட்டை விற்கும்போது அதைச் சொல்லி விற்றுவிடுங்கள்.